ஏற்பியா, வாயிலா? – ஓர் உயிரியல் சொல்லை முன்வைத்து

அறிவியல் தமிழ் என்றவுடன் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது கலைச்சொல். ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு நேராகத் தமிழ்ச்சொல் ஒன்றைக் கண்டு அகராதியில் ஏற்றிவிட்டால், தமிழ் அத்துறையை எட்டிவிட்டதாக நிறைவடைந்து விடுகிறோம். அச்சொல்லைக் கொண்டு ஒரு கருத்தை இன்னொருவர்க்கு விளங்கவைக்க முடிகிறதா என்னும் அடுத்த கேள்வியை நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுப்ப விரும்புகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று உயிரணுவின் மேற்சவ்வில் நிகழும் ஒரு சிறு நிகழ்ச்சி. வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் எங்கிருந்தோ வந்து, சவ்வில் பதிந்திருக்கும் இன்னொரு புரதத்தோடு பிணைகிறது. பிணைந்ததும் உயிரணு பிளவுபட்டுப் பெருகத் தொடங்குகிறது. இதில் தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது, அதுவும் அவசர வேலை என்பதே என் துணிபு.

சவ்வில் பதிந்திருக்கும் அப்புரதத்தை நம் பாடநூல்கள் ‘ஏற்பி’ என்கின்றன. இலங்கைத் தமிழர் ‘வாங்கி’ என்பர். (உயிரணுவுக்கும் அவர்கள் வழங்கும் சொல் வேறு, ‘கலம்’ என்பர்.) இரண்டும் குற்றமற்ற சொற்களே. ஆனால் இரண்டும் அப்புரதத்தைக் கையேந்தி நிற்கும் ஒன்றாகவே காட்டுகின்றன. தருவதை ஏற்பது, கொடுப்பதை வாங்குவது என்ற அளவில் பொருள் நின்றுவிடுகிறது. இதனோடு வகுப்பறைகளில் தவறாமல் சொல்லப்படும் உவமை ஒன்று உண்டு: பூட்டும் சாவியும். 1894-இல் எமில் ஃபிஷர் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் நொதிகளை விளக்கச் சொன்னது அது. ஒவ்வொரு காரணியும் தனக்குரிய ஏற்பியை மட்டும் ஏன் தேடிப் பிடிக்கிறது என்பதை அவ்வுவமை நன்றாகவே விளக்குகிறது. அதற்கப்பால் அது உதவாது. சாவி பூட்டுக்குள் நுழைகிறது. காரணியோ உயிரணுவுக்குள் நுழைந்து செய்தி சொல்வதில்லை. சாவி திருகினாலும் பூட்டு பூட்டாகவே இருக்கிறது, ஏற்பியோ உருமாறிவிடுகிறது. பூட்டு தனித்து இயங்கும். ஏற்பி துணையின்றி இயங்காது.

முதலில் இக்காரணிகள் கண்டறியப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். முசோலினி காலத்து யூத எதிர்ப்புச் சட்டங்களால் பணியிழந்து, தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழிக்கருவை ஆராய்ந்தவர் ரீட்டா லெவி-மொண்டால்சினி என்னும் இத்தாலியப் பெண்மணி. போருக்குப் பின் அமெரிக்காவின் செயிண்ட் லூயி நகருக்குச் சென்று, நரம்பிழைகளைச் செழித்து வளரச்செய்யும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். 1953-இல் அவரோடு சேர்ந்த ஸ்டான்லி கோஹன் என்னும் உயிர்வேதியியலாளர் அப்பொருளைப் பிரித்தெடுக்க முயன்றபோது, அது பாம்பின் நஞ்சில் மிகுதியாக இருப்பது தெரிந்தது. நஞ்சுச் சுரப்பிக்கு இணையானது பாலூட்டிகளின் உமிழ்நீர்ச் சுரப்பி. ஆகவே எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்த்தார்கள். அங்கும் அது நிறைந்திருந்தது.

அச்சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் திறக்கவேண்டிய கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்துகொண்டன. பற்களும் முந்தி முளைத்தன. நரம்புக்கான பொருள் இதைச் செய்யாது; வேறொன்று கலந்திருக்கவேண்டும் என்று கோஹன் கருதினார். அவ்வாறு 1962-இல் தனித்து அறியப்பட்டதுதான் புறத்தோல் வளர்ச்சிக் காரணி. ஐம்பத்து மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு புரதம் அது. இருவர்க்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

காரணி கிடைத்துவிட்டது. அது எவ்வாறு வேலை செய்கிறது? இங்கேதான் சவ்வு குறுக்கே நிற்கிறது. உயிரணுவின் சவ்வு கொழுப்பாலான ஈரடுக்குப் படலம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆயினும் நீர்ச்சூழலில் மிதந்துவரும் புரதம் அதை ஊடுருவ இயலாது. அப்படியானால் வெளியே நிற்பது சொல்லும் செய்தி உள்ளே எப்படிப் போகிறது? ஏற்பி என்பது சவ்வை ஒரே முறை ஊடுருவி நிற்கும் நீண்ட புரதம். அதன் தலை வெளியே, வால் உள்ளே. வெளியே உள்ள தலை நான்கு பகுதிகளாலானது. இரண்டாம் பகுதியிலிருந்து கைபோல் நீண்ட உறுப்பொன்று நான்காம் பகுதியோடு பிணைந்து மடங்கிக் கிடக்கும். குளிருக்குக் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு குறுகி நிற்பவனை நினைத்துக்கொள்ளுங்கள். காரணி வந்து முதற்பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் இடையே புகுந்து இரண்டையும் ஒருங்கே பற்றுகிறது. உடனே கட்டியிருந்த கை அவிழ்கிறது, உடல் நிமிர்கிறது. அவிழ்ந்த கை, அவ்வாறே நிமிர்ந்த இன்னோர் ஏற்பியின் கையைப் பற்றுகிறது. இரண்டும் இணையாகின்றன. இணைப்பது காரணியன்று, காரணிகள் இரண்டும் இணையின் இரு வெளிப்புறங்களில் விலகியே இருக்கின்றன. ஏற்பிகள்தாம் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. 2002-ஆம் ஆண்டு படிக ஆய்வுகள் இவ்வடிவத்தைக் கண்முன் கொண்டுவந்தன.

உள்ளே என்ன நிகழ்கிறது என்பதைக் காட்டியவர்களுள் ஒருவர் ஜான் குரியன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடங்கிப் பின்னர் அமெரிக்கா சென்றவர். இரு வால்களிலும் நொதிப்பகுதி ஒன்று உறங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் அருகருகே வந்ததும் சமமாக இயங்கத் தொடங்கும் என்றுதான் எளிதில் எண்ணத் தோன்றும். குரியனும் அவருடைய உடனாய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொன்னது. ஒன்று மற்றொன்றின் மேல் சாய்ந்து அழுத்துகிறது, அழுத்தப்பட்டது விழித்துக்கொள்கிறது. ஒன்று எழுப்புவது, மற்றது எழுவது. எழுந்த நொதி, வால்களில் உள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. அந்த அடையாளங்களைக் கண்டு வேறு புரதங்கள் வந்து ஒட்ட, செய்தி கைமாறிக் கைமாறி உட்கருவை அடைகிறது. செய்தி சொல்லி முடிந்தபின் பெரும்பாலும் காரணியும் ஏற்பியும் சேர்ந்தே உள்ளிழுக்கப்பட்டுச் சிதைக்கப்படுகின்றன. காரணி உள்ளே போவது அப்போதுதான். செய்தியாக அன்று, செய்தி முடிந்ததன் எச்சமாக.

இதைத் தமிழ் மாணவனுக்குச் சொல்லப் பூட்டும் சாவியும் எதற்கு? அவன் உயர்நிலைப் பள்ளியிலேயே புணர்ச்சி படித்திருக்கிறான். வாழையும் மரமும் சேர்ந்தால் வாழைமரம். எதுவும் மாறவில்லை, இயல்பு. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். வருமொழி வந்து நின்றவுடன் நிலைமொழியின் ஈறு திரிந்துவிடுகிறது, விகாரம். பூட்டு–சாவி உவமை சொல்வது இயல்பு புணர்ச்சியை. சவ்வில் நிகழ்வதோ விகாரப் புணர்ச்சி. நிலைமொழி ஏற்பி, வருமொழி காரணி. வருவது வந்ததால் நிற்பது திரிகிறது. இதை ஒருமுறை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். உயிரியல் படிக்காத மாணவனும் தலையசைப்பான்.

இன்னும் பொருத்தமான ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது: வாயில். இச்சொல்லுக்கு வீட்டின் நுழைவிடம் என்பது ஒரு பொருள். அக இலக்கணத்தில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று செய்தி உரைப்போர்க்கும் அதுவே பெயர். தொல்காப்பியக் கற்பியல் தோழி, பாணன், விறலியர், அறிவர் எனப் பன்னிரு வாயில்களை எண்ணிச் சொல்கிறது. இடத்துக்கும் ஆளுக்கும் ஒரே சொல். ஏற்பி என்று நாம் அழைக்கும் புரதமும் இடமாகவும் ஆளாகவும் இருக்கிறது. வந்தவர் நிற்கும் படியும் அதுவே. வந்தவர் சொன்னதை உள்ளே உரைப்பதும் அதுவே. அகம், புறம் என்று உலகைப் பிரித்துப் பார்த்த மரபுக்கு, புறத்தே நிற்பவர் அகத்தே இருப்பவரை எட்டுவது எவ்வாறு என்ற கேள்வி புதிதன்று.

நிற்க. ‘செல் சவ்வைத் தொல்காப்பியர் அன்றே அறிந்திருந்தார்’ என்று இதைக் கொண்டு யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். அவர் அறிந்திருக்கவில்லை, அறிந்திருக்க வழியும் இல்லை. நுண்ணோக்கியும் படிக ஆய்வும் இன்றி இது விளங்கியிராது. பழம்பெருமை பேசும் அக்கூட்டத்தால் அறிவியல் தமிழுக்கு விளைந்த கேடு கொஞ்சமன்று. நான் சொல்வது அதற்கு நேர்மாறானது. அறிவு எங்கிருந்து வந்தாலும் வரட்டும். அதை வாங்கிக்கொள்ளும் மனம் தமிழில் பழகிய மனம். அம்மனத்தில் ஏற்கெனவே இருக்கும் வடிவங்களைப் பயன்படுத்தினால் புதியது விரைவில் பதியும். ‘ஏற்பி’ அகராதியில் இருக்கட்டும். விளக்க வரும்போது ‘வாயில்’ கைகொடுக்கட்டும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட கரிசல் ஊர் எங்கள் இளையரசனேந்தல். மானாவாரிக் காட்டில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். நீரிழிவு வந்து காலில் உணர்ச்சி மரத்தபின் கருவேல முள் தைத்தாலும் தெரியாது, புண் ஆறாது, கடைசியில் விரலோ காலோ போகும். இத்தகைய புண்ணுக்கு கோஹன் கண்ட அதே புறத்தோல் வளர்ச்சிக் காரணியைப் பசையாகத் தடவும் மருந்தை ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் உருவாக்கியது. சென்னை இராயபுரத்து எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் மருத்துவர் விஜய் விஸ்வநாதனும் பிறரும் அதன் மருத்துவச் சோதனை முடிவுகளை 2006-இல் வெளியிட்டனர். எலியின் கண்ணைத் திறந்தது இங்கே நீரிழிவுக்காரரின் புண்ணில் தோல் மூடத் துணைசெய்கிறது. நம் உமிழ்நீரிலும் அக்காரணி சிறிதளவு உண்டு. குழந்தையின் சிராய்ப்பில் பாட்டி எச்சில் தொட்டு வைத்தது முற்றிலும் மூடநம்பிக்கை அன்று என்று இதைக் கேட்டுச் சிலர் மகிழலாம். மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எச்சிலில் கிருமிகளும் உண்டு. நீரிழிவுப் புண்ணுக்கு அது நஞ்சாகும்.

காயத்தை ஆற்றும் அதே வாயில் கட்டுப்பாடு இழந்தால் கட்டியை வளர்க்கும். தலை, கழுத்துப் பகுதிகளில் வரும் புற்றுநோய்களில் இவ்வாயில் பெரும்பாலும் மிகுந்து காணப்படும். அங்கே மருந்து செய்வது, காரணி வந்து அமரும் இடத்தில் தான் முந்திச் சென்று அமர்ந்துகொள்வது. தலைவனின் தூதாக வந்த பாணனைப் படியிலேயே நிறுத்தித் தோழி மறுத்தனுப்பும் துறையை ‘வாயில் மறுத்தல்’ என்று நாம் பாடம் நடத்துகிறோம். இம்மருந்துகளின் வேலையைச் சொல்ல அதைவிடத் தெளிவான தொடர் எனக்குத் தெரியவில்லை. கியூபாவில் பிறந்த நிமோட்டுசுமாப் என்னும் அத்தகைய மருந்தைப் பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2006-இல் இந்தியாவில் வெளியிட்டது.

இவ்வாயில் குடும்பத்தில் இன்னொன்று உண்டு. ஹெர்-2 என்பது அதன் பெயர். இதன் இயல்பு விந்தையானது. இதற்கென்று வரும் காரணி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. இதன் கை எப்போதும் அவிழ்ந்தே இருக்கிறது. யார் வரினும் பற்றிக்கொள்ளக் காத்திருக்கிறது. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கோ சற்றுக் குறைவாகவோ இவ்வாயில் கட்டியின் உயிரணுக்களில் பன்மடங்கு பெருகியிருக்கும். புறத்தே தூது எதுவும் வராமலே அகத்தே செய்தி இடைவிடாது போய்க்கொண்டிருக்கும். நோய் விரைந்து பரவும். இதன் நான்காம் பகுதியைப் பற்றித் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்துக்கு 1998-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. பற்ற நீளும் கையையே மறைக்கும் பெர்டுசுமாப் 2012-இல் வந்தது. டிராஸ்டுசுமாப்பை ஒத்த மருந்தை பயோகான் 2014-இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தபின், விலை குறையும் வழி பிறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் ஒருவர் தாயின் ஆய்வறிக்கையோடு வந்தார். பெரிய மருத்துவமனை ஒன்றில் கொடுத்தது, முழுவதும் ஆங்கிலம். ‘ஹெர்-2 பாசிட்டிவ், 3+’ என்று ஓரிடத்தில் அடிக்கோடு இட்டிருந்தது. “ஐயா, பாசிட்டிவ்னா நல்லதா, கெட்டதா?” என்று கேட்டார். கொரோனாக் காலத்துக்குப் பிறகு அச்சொல் ஊரில் ஒரே பொருளைத்தான் தருகிறது: கெட்டது. அதில் பக்கத்தில் மூன்று கூட்டல் குறிவேறு. தாயார் அதைக் கேட்டதும், இனி வைத்தியம் வேண்டாம், இருக்கிற நிலத்தை விற்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஓராண்டு போடவேண்டிய ஊசி ஒன்றைப் பற்றி வீட்டார் முடிவு சொல்லவேண்டியிருந்தது. அவர்கள் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே முடிவு செய்யவிருந்தார்கள்.

அவர் கேட்ட கேள்விக்கு விடை ‘இரண்டும்’ என்பது. நோய் முரட்டு நோய், அவ்வகையில் கெட்டது. ஆனால் இந்நோய்க்கென்றே செய்த மருந்து வேலை செய்யும் என்பதற்கும் அதுவே அடையாளம், அவ்வகையில் நல்லது. 3+ என்பது நோயின் முற்றிய நிலையைக் குறிப்பதன்று. வாயில்கள் எவ்வளவு செறிவாக இருக்கின்றன என்பதற்கான அளவு. இதை மருத்துவ நண்பர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொண்டு, வாயில் என்ற சொல்லையே கையாண்டு அவ்வம்மையாரிடம் சொன்னோம். பள்ளி வாசலை மிதிக்காதவர் அவர். கேட்டுவிட்டு, “அப்ப வாசலை அடைக்கிறதுக்குத்தான் ஊசியா?” என்றார். அதன்பிறகு நடந்தது அவர்களுடைய குடும்பச் செய்தி, இங்கே வேண்டாம். விளங்கிய பின்பே அவர் முடிவெடுத்தார் என்பது போதும்.

மருத்துவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. புறநோயாளர் வரிசையின் நீளம் நமக்குத் தெரியும். ஒருவர்க்கு அவர்கள் தரக்கூடிய நேரம் சில மணித்துளிகளே. ஆனால் தமிழ்த்துறைகளில் இருக்கும் நமக்கு நேரம் இருக்கிறதே! ஆய்வேடுகளைக் கட்டுக்கட்டாக எழுதி அடுக்குகிறோம். வாயில்களைப் பற்றியே எத்தனை ஆய்வேடுகள்! அவற்றுள் ஒன்றேனும் நோயுற்ற ஒருவருக்குப் பயன்படும் பக்கமாக மாறியதுண்டா?

இது இயலாத செயலும் அன்று. அமெரிக்கப் பாதிரியார் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860-களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கினார். வேற்றுமொழியாளர் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செய்தது அது. பெ. நா. அப்புசாமி தம் வாழ்நாள் முழுதும் அறிவியலை நல்ல தமிழில் எழுதினார். இவர்கள் சொற்பட்டியலோடு நின்றவர்கள் அல்லர், வாக்கியம் எழுதியவர்கள். நாம் பின்பற்றவேண்டியது அதைத்தான்.

நான் வேண்டுவது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. இத்தகைய அறிக்கை ஒவ்வொன்றோடும் ஒரு பக்கத் தமிழ்க்குறிப்பு தரப்படவேண்டும். மருத்துவர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்து அமர்ந்தால் ஒரு மாலையில் எழுதிவிடலாம். ஹெர்-2 பற்றிய குறிப்பு இவ்வாறு இருக்கலாம்:

“உடம்பின் ஒவ்வோர் அணுவுக்கும் வெளிச்செய்தியை உள்ளே சொல்லும் வாயில்கள் உண்டு. உங்கள் கட்டியில் அவற்றுள் ஒருவகை வாயில் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறது. ‘வளர், வளர்’ என்று அது ஓயாமல் உள்ளே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வாயிலைத் தடுக்க மருந்து இருக்கிறது. பாசிட்டிவ் என்றால் அந்த மருந்து உங்களுக்குப் பொருந்தும் என்று பொருள். இதே வாயில் இதயத்தின் தசையிலும் இருப்பதால், மருந்து போடும் காலத்தில் இதயத்தையும் இடையிடையே சோதிப்பார்கள். அதற்கு அஞ்சவேண்டாம், தவறவும் வேண்டாம்.”

ஏழு வாக்கியங்கள். இதில் அகராதி பார்க்கவேண்டிய சொல் ஒன்றுமில்லை. அறிவியலுக்கு மாறான சொல்லும் இல்லை. இறுதி வாக்கியத்தைக் கவனியுங்கள். இதயச் சோதனை ஏன் என்று விளங்காதவர்களே அதைத் தவிர்க்கிறார்கள். செலவுக்குச் செலவாக இன்னுமொன்று என்று எண்ணுகிறார்கள். வாயில் கட்டியில் மட்டும் இல்லை, இதயத்திலும் இருக்கிறது என்ற ஒரு தகவல் போதும். அவர்களே தேதி தவறாமல் போவார்கள்.

இப்பக்கத்தைப் படிப்பவர்களில் தமிழாசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். மருத்துவர்களும் சிலர் இருக்கக்கூடும். ஒவ்வொரு தமிழாசிரியரும் தமக்குத் தெரிந்த ஒரு மருத்துவரோடு அமர்ந்து, தம் ஊரில் அதிகம் காணும் ஒரு நோய்க்கு இத்தகைய ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதியதை முதலில் பேராசிரியரிடம் காட்டவேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் மறுகேள்வி கேட்டால், பக்கம் தேறிவிட்டது.